திருவண்ணாமலையில் நாலு நாள் வீடு எடுப்பது எப்படி: முதல்ல காலண்டர், அப்புறம் போட்டோ

(ஒலி வடிவில் வந்த அத்தியாயத்தின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை மாற்றவில்லை. திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்றைய அத்தியாயம் ஒரு நேயர் கேட்ட கேள்வியில இருந்து தொடங்குது. அவங்க ஜெர்மனியில இருக்காங்க. ஸ்பெயின்ல மலகா பக்கம், மத்தியதரைக் கடலோரத்துல, ஒரு வில்லாவை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோட தங்கியிருக்காங்க. சமையலறை, மொட்டை மாடி, நல்ல வெயில். "இதே மாதிரி திருவண்ணாமலையில ஒரு வீடு எடுத்து, எங்க அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வந்து நாலஞ்சு நாள் இருக்கணும். எதைப் பார்த்து எடுக்கணும்?" அப்படின்னு கேட்டிருந்தாங்க.

எடுக்கலாம், தாராளமா எடுக்கலாம். ஆனா மலகாவுக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. அங்க வாடகையைச் சூரியன் நிர்ணயிக்குது. ஜூலை, ஆகஸ்ட்ல வெயிலும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வர்றப்போ விலை ஏறும். திருவண்ணாமலையில வாடகையைச் சந்திரன் நிர்ணயிக்குது. இதைப் புரிஞ்சுக்காம வீடு எடுத்து நான் ஒரு தடவை நல்லா மாட்டிக்கிட்டேன். அதையே முதல்ல சொல்லிடறேன்.

நான் மாட்டிக்கிட்ட கதை

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அம்மாவுக்கு முட்டி வலி. லாட்ஜ்ல மாடிப்படி ஏற முடியாது, அதனால தரைத்தளத்துல தனி வீடா இருக்கட்டும்னு கிரிவலப் பாதையில ஒண்ணு பார்த்தேன். போட்டோ பிரமாதம். பின்னாடி மலை, முன்னாடி முற்றம், ஊஞ்சல். "கோயில்ல இருந்து கார்ல பத்து நிமிஷம்"னு போட்டிருந்தது. பாதி வாடகையை அட்வான்ஸா அனுப்பிட்டேன்.

நாங்க போன அன்னைக்குப் பௌர்ணமி. எனக்குத் தெரியாது. சனிக்கிழமை, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பார்த்தேன். ஊருக்கு வெளியிலேயே காரை நிறுத்திட்டாங்க. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆட்டோகூடப் போகாது. மேப்பைப் பார்த்தா வீடு இன்னும் மூணு கிலோமீட்டர். அம்மா ஒவ்வொரு டீக்கடையிலயும் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தாங்க. "பரவாயில்லடா, கிரிவலம் வந்த மாதிரி ஆச்சு"ன்னு சொன்னாங்க. சொன்னாங்களே தவிர, ராத்திரி முழுக்கத் தூங்கலை.

அதோட முடியலை. வீட்டுக்குப் போனா, தரைத்தளத்துல வேற ஒரு குடும்பம் இருக்கு. "உங்களுக்கு மாடி சார்"னு சொன்னாங்க. போட்டோவுல இருந்தது தரைத்தளம். ஆனா நான் எதையும் எழுத்துல வாங்கலை. போன்லதான் பேசினேன். என்ன சொல்ல முடியும்?

பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தவங்க வாசல்ல உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. "ஏன் தம்பி, காலண்டர்ல பௌர்ணமி போட்டிருக்குமே, பாக்கலையா?"ன்னு கேட்டாங்க. அம்மாவை உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சு வெந்நீர் கொடுத்தாங்க. இந்த அத்தியாயத்துல நான் சொல்லப் போற பாதி விஷயம் அன்னைக்கு அவங்க வாசல்ல உட்கார்ந்து கேட்டதுதான்.

முதல் கணக்கு: தேதி

திருவண்ணாமலையில கூட்டத்துக்கு மூணு சுற்று இருக்கு. மூணும் தனித்தனியா ஓடுது.

முதல் சுற்று, மாசாமாசம் வர்ற பௌர்ணமி. மலையைச் சுத்தி சுமார் 14 கிலோமீட்டர் பாதை. அன்னைக்கு ராத்திரி லட்சக்கணக்கான பேர் நடப்பாங்க. பௌர்ணமி திதி எப்போ தொடங்கி எப்போ முடியுதுன்னு கோயில் தரப்புல நேரம் அறிவிப்பாங்க. அது பெரும்பாலும் ரெண்டு தேதியைத் தொட்டுத்தான் வரும். அதனால பௌர்ணமிக்கு முந்தின நாள், பௌர்ணமி, அடுத்த நாள் மதியம் வரைக்கும் எல்லாத்தையும் சேர்த்துத்தான் கணக்குல வெச்சுக்கணும். வாடகை ஏறும், சாலை மூடும், வெளியூர் பஸ்ஸெல்லாம் ஊர் ஓரத்துத் தற்காலிக நிலையங்களோட நின்னுடும். சித்ரா பௌர்ணமியில கூட்டம் இன்னும் அதிகம். இப்போ சில வருஷமா ஆந்திரா, தெலங்கானாவுல இருந்து வர்றவங்க எண்ணிக்கையும் நல்லா கூடியிருக்கு. அதனால சனி ஞாயிறுல பௌர்ணமி இல்லைன்னாக்கூட ஊர் நிறைஞ்சுதான் இருக்கு.

ரெண்டாவது சுற்று, கார்த்திகை தீபம். பத்து நாள் திருவிழா. பத்தாம் நாள் விடியற்காலையில கோயிலுக்குள்ள பரணி தீபம், சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில மகாதீபம். இந்தத் தேதி வருஷா வருஷம் மாறும். 2023ல நவம்பர் 26. 2024ல டிசம்பர் 13. 2025ல டிசம்பர் 3. போன வருஷம் டிசம்பர் முதல் வாரம்தானேன்னு மனசுல வெச்சுக்கிட்டு விமான டிக்கெட் போட்டீங்கன்னா மாட்டிப்பீங்க. பஞ்சாங்கத்தைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க.

இங்க ஒரு நல்ல விஷயம் சொல்றேன். உச்சியில ஏத்தின தீபம் அன்னைக்கே அணையறது இல்ல. பதினோரு நாள் தொடர்ந்து தினமும் ஏத்துவாங்க. வயசானவங்க, குழந்தைகளோட வர்றவங்க முதல் நாள் கூட்டத்துல நசுங்க வேண்டாம்னு நினைச்சா, மூணாம் நாளோ நாலாம் நாளோ வாங்க. சாயங்காலம் மாடியில நின்னு நிதானமா அதே தீபத்தைப் பார்க்கலாம். வாடகையும் இறங்கியிருக்கும், சாலையும் திறந்திருக்கும்.

மூணாவது சுற்று, பனிக்காலம். நவம்பர்ல இருந்து பிப்ரவரி, மார்ச் வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க வந்து மாசக்கணக்குல தங்குவாங்க. ரமண மகரிஷி திருவண்ணாமலைக்கு வந்தது 1896 செப்டம்பர் 1. அவரைப் பத்தி பால் பிரண்டன் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1934ல வந்தது. அதுக்கு அப்புறம் மேல்நாட்டுல இருந்து ஆட்கள் வர ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் நிக்கலை. ஆர்தர் ஆஸ்பர்ன் மாதிரி குடும்பத்தோட வந்து வீடெடுத்துத் தங்கிட்டவங்களும் உண்டு. ரமண நகர்ல மாச வாடகை வீடு இந்த சீசன்ல சுலபமா கிடைக்காததுக்குக் காரணம் இதுதான். ஏப்ரல், மே மாசத்துல இதே வீடுகள் காலியா இருக்கும். ஆனா அப்போ வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். பகல் முழுக்கக் காய்ஞ்ச பாறை ராத்திரியிலயும் அனல் வீசும். ஏசி இல்லாத வீட்டுல வயசானவங்களைத் தங்க வைக்காதீங்க.

அப்போ எப்போதான் வர்றது? என்னைக் கேட்டா ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும், பௌர்ணமியும் வார இறுதியும் இல்லாத நாலு நாள். சாயங்காலம் அப்பப்போ மழை வரும். வீட்டுக்காரங்களும் நின்னு பேசற அளவுக்கு நிதானமா இருப்பாங்க.

ரெண்டாவது கணக்கு: என்ன மாதிரி இடம்

"தங்கற இடம்"னு ஒரே வார்த்தையில சொல்றோம். ஆனா இங்க மூணு வகை இருக்கு. மூணுக்கும் எதிர்பார்ப்பு வேற.

ஒண்ணு, ஆசிரமங்களும் கோயிலைச் சேர்ந்த விடுதிகளும். ரமணாசிரமத்துல முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இடம் இருந்தா, சில நாள் தங்கலாம். அறை வாடகைன்னு ஒண்ணு கிடையாது. ஆனா அது தியானத்துக்காக வர்றவங்களுக்கான இடம். குடும்பச் சுற்றுலாவுக்கான விடுதியா நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க. கோயில் தரப்புல யாத்ரி நிவாஸ் இருக்கு. இந்த மாதிரி இடங்களுக்கு நேரா அவங்களோட அதிகாரப்பூர்வமான வழியிலயே கேளுங்க. நடுவுல ஒருத்தர் வந்து "நான் ரூம் வாங்கித் தர்றேன், பணம் அனுப்புங்க"ன்னு சொன்னா, அங்கேயே நிறுத்திடுங்க.

ரெண்டாவது, ஹோம்ஸ்டே. வீட்டுக்காரங்க அதே வீட்டுல இருப்பாங்க, உங்களுக்கு ரெண்டு ரூம் விடுவாங்க. மத்திய சுற்றுலாத் துறையோட படுக்கை, காலை உணவுத் திட்டத்துல பதிவு செய்யறதுக்கே இதுதான் விதி. ஒண்ணுல இருந்து ஆறு ரூம் வரைக்கும் விடலாம், குடும்பம் அங்கேயே வசிக்கணும். ராத்திரி தண்ணி நின்னு போச்சுன்னா கதவைத் தட்டிக் கேட்க ஆள் இருக்கும். பெரியவங்களோட வர்றவங்களுக்கு நான் சிபாரிசு செய்யறது இதைத்தான்.

மூணாவது, முழு வீடு. வில்லான்னு போட்டிருப்பாங்க. சமையலறை, மொட்டை மாடி எல்லாம் உங்களுக்கே. சொந்தக்காரர் சென்னையிலயோ பெங்களூர்லயோ ஹைதராபாத்லயோ இருப்பார். சாவியைக் கொடுக்க உள்ளூர்ல ஒரு பையன் இருப்பார். இதுல ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: "ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் ஓடலைன்னா யார் வருவாங்க? அவங்க நம்பர் என்ன?" இதுக்குப் பேரும் நம்பரும் தெளிவா வரலைன்னா அந்த வீடு வேண்டாம்.

மூணாவது கணக்கு: எந்தப் பக்கம்

மலையைச் சுத்தி எட்டு லிங்கம் இருக்கறது உங்களுக்குத் தெரியும். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். வீட்டோட இடத்தைக் கேட்கறப்போ, "எந்த லிங்கத்துக்கும் எந்த லிங்கத்துக்கும் நடுவுல இருக்கு?"ன்னு கேளுங்க. ஊர்க்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அந்த ஒரு பதில்ல கோயில்ல இருந்து எவ்வளவு தூரம்னு உங்களுக்குப் புரிஞ்சிடும்.

இந்திர லிங்கம் கோயிலுக்குப் பக்கத்துலயே. நாலு மாட வீதி, தேரடி வீதி எல்லாம் அங்கதான். தரிசனத்துக்காக மட்டும் ஒரு ராத்திரி தங்கறவங்களுக்கு நல்ல இடம். சத்தம் இருக்கும்.

அக்னி லிங்கத்துல இருந்து எம லிங்கம் வரைக்கும் செங்கம் சாலை. சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம், ரமண நகர் எல்லாம் இந்தப் பக்கம். சாப்பாட்டுக் கடை, மருந்துக் கடை, ஆட்டோ எல்லாம் கிடைக்கும். முதல் தடவை வர்றவங்களுக்கு இந்தப் பக்கம்தான் வசதி.

எம லிங்கம் தாண்டினதும் பாதை செங்கம் சாலையை விட்டு வலது பக்கம் திரும்பும். அங்கிருந்து நிருதி, வருணன், அடி அண்ணாமலை, வாயு, குபேரன் வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கின பகுதி. புது வில்லாக்கள், தோட்ட வீடுகள் எல்லாம் இங்கதான் அதிகம். அமைதியா இருக்கும், மலை நல்லாத் தெரியும். ஆனா இது மலைக்குப் பின்பக்கம். கோயிலுக்குப் போகணும்னா பாதி மலையைச் சுத்தி வரணும். சாதாரண நாள்ல கால் மணி நேரம், இருபது நிமிஷம். பௌர்ணமி அன்னைக்கு வண்டியே போகாது. நான் மாட்டிக்கிட்ட வீடு இந்தப் பக்கம்தான்.

அதனால "கோயில்ல இருந்து எத்தனை நிமிஷம்"னு கேட்காதீங்க. "சாலையை மூடின நாள்ல எங்க வண்டி எது வரைக்கும் வரும்? அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்கணும்?"னு கேளுங்க.

மலை தெரியற வீடு

எல்லாரும் கேட்கறது மலை தெரியற வீடு. ரெண்டு விஷயம் சொல்லணும்.

முதல் விஷயம் சின்னது. மலை தெரியறதும் உச்சி தெரியறதும் ஒண்ணு இல்ல. மலையை ஒட்டினாப்ல போகப் போக முன்னாடி இருக்கற சரிவு உச்சியை மறைச்சிடும். தீபம் பார்க்கறதுக்காக வீடு எடுக்கறீங்கன்னா, கொஞ்சம் தள்ளி இருக்கற வீட்டு மாடிதான் நல்லது. "உங்க மாடியில நின்னு இப்போ ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க"ன்னு கேளுங்க. விளம்பரத்துல இருக்கற போட்டோ வேண்டாம், இப்போ எடுத்த வீடியோ வேணும்.

ரெண்டாவது விஷயம் பெருசு. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. திருவண்ணாமலையில விடாம மழை. மறுநாள், டிசம்பர் 1 சாயங்காலம், மலையடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு வீடுகள் மேல விழுந்தது. ஏழு பேர் இறந்தாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்துக்குப் பக்தர்களை மலை ஏற விடலை.

அங்க குடியிருந்தவங்க யாரும் மலைக் காட்சிக்காக அங்க போனவங்க இல்ல. இடம் கிடைச்ச இடத்துல வீடு கட்டிக்கிட்டவங்க. நாம அப்படி இல்ல. நமக்குத் தேர்ந்தெடுக்க முடியும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. அந்த மாசங்கள்ல சரிவுல கட்டின வீட்டை, மேல பெரிய பாறை நிக்கற வீட்டை, எவ்வளவு அழகா இருந்தாலும் எடுக்காதீங்க. தீபமும் அதே மழைக்காலத்துலதான் வருதுங்கறதை மறந்துடாதீங்க.

பணம் அனுப்பறதுக்கு முன்னாடி

இப்போ பணம். வரிசையாச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

முதல்ல, வீடு யாருடையதுன்னு பாருங்க. கரண்ட் பில்லோ சொத்து வரி ரசீதோ ஒரு போட்டோ கேளுங்க. சொந்தக்காரர் தயங்கலாம், அதுல தப்பு இல்ல. பேர் தெரியற பகுதியை மட்டும் காட்டச் சொல்லுங்க. யுபிஐ-ல பணம் அனுப்பறப்போ, அனுப்பறதுக்கு முன்னாடி வங்கியில இருக்கற பேர் திரையில வரும். ரெண்டு பேரும் பொருந்துதான்னு பாருங்க. பொருந்தலைன்னா ஏன்னு கேளுங்க. "தம்பி கணக்கு, மச்சான் கணக்கு"ன்னு பதில் வந்தா அந்த மச்சான்கிட்டயும் ஒரு வார்த்தை போன்ல பேசிடுங்க.

அடுத்தது, போன்ல பேசினதை எல்லாம் வாட்ஸ்அப்ல ஒரே செய்தியா எழுதி அனுப்புங்க. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வர்றோம், எத்தனை மணிக்குக் காலி செய்யறோம், எத்தனை பேர், தரைத்தளமா மாடியா, எத்தனை ரூம், மொத்தம் எவ்வளவு, இப்போ கொடுத்தது எவ்வளவு, நாங்க வரலைன்னா எவ்வளவு திரும்பும், நீங்க வீடு கொடுக்கலைன்னா எவ்வளவு திரும்பும். கடைசியில "சரிதானே?"ன்னு கேளுங்க. "சரி"ன்னு பதில் வந்த அப்புறம் பணம் அனுப்புங்க. நான் இதைச் செஞ்சிருந்தா அன்னைக்கு எங்க அம்மா மாடி ஏறியிருக்க வேண்டியது இல்ல.

மூணாவது, ஆதார் நகல் கேட்பாங்க. ஆனா கடைசி நாலு எண் மட்டும் தெரியற மாதிரி மறைச்ச ஆதாரை அதிகாரப்பூர்வ தளத்துலயே இறக்கிக்கலாம். அதை அனுப்புங்க.

நாலாவது, ஏமாந்துட்டீங்கன்னு தெரிஞ்ச உடனே 1930க்கு போன் பண்ணுங்க. சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். வெட்கப்பட்டுக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பண்ணாதீங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியில நிறுத்தறதுக்கு அவ்வளவு வாய்ப்பு.

நாலு நாள் இல்ல, மூணு மாசம் தங்கப் போறேன்னு சொல்றவங்களுக்குக் கணக்கு வேற. சில நாள் தங்கினா நீங்க விருந்தினர். மாசக்கணக்குல இருந்தா வாடகைதாரர். தமிழ்நாட்டுல நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றின 2017ஆம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கு. அதன்படி ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவு செய்யணும். குடியிருப்புக்கு முன்பணம் மூணு மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. இது நகர்ப்புறத்துக்கான சட்டம். திருவண்ணாமலை 2024ல மாநகராட்சி ஆயிடுச்சு. ஆனா கிரிவலப் பாதையைச் சுத்தி ஊராட்சிகளும் இருக்கு. உங்க வீடு எந்த எல்லைக்குள்ள வருதுன்னு கேட்டுக்கோங்க.

பாஸ்போர்ட் விஷயம்

நம்ம கேள்வி கேட்ட நேயருக்கு இது முக்கியம். வெளிநாட்டு பாஸ்போர்ட் வெச்சிருக்கறவங்க ஒரு வீட்டுல தங்கினா, தங்க வைக்கறவங்க அதை அரசுக்குத் தெரிவிக்கணும். 'ஃபார்ம் சி'ன்னு ஊர்ல எல்லாரும் சொல்றது இதைத்தான். முன்னாடி இருந்த விதிகள்ல 24 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும்னு இருந்தது. 2025 செப்டம்பர் 1ல இருந்து குடியேற்றம், வெளிநாட்டினருக்கான புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. அதுலயும் தங்க வைக்கறவங்களுக்கு இந்தப் பொறுப்பு இருக்கு.

நம்ம ஆளுங்க இதுல ஒரு தப்பு செய்வாங்க. பிறந்தது காரைக்குடி, பேசறது தமிழ், முகத்தைப் பார்த்தா நம்மூர்க்காரர். ஆனா கையில இருக்கறது ஜெர்மன் பாஸ்போர்ட்டோ கனடா பாஸ்போர்ட்டோ. வீட்டுக்காரருக்குத் தெரியாது, இவங்களும் சொல்ல மாட்டாங்க. விசாரணைன்னு ஒண்ணு வந்தா பாவம் அந்த வீட்டுக்காரர்தான் பதில் சொல்லணும். ஓசிஐ அட்டை இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிடுங்க. வெள்ளைக்காரங்க வர்ற ஊருங்கறதால ரமண நகர்ல நிறைய பேருக்கு இந்த நடைமுறை அத்துப்படி. "ஃபார்ம் சி போடுவீங்களா?"ன்னு கேட்டதும் "ஓ, போடுவோமே"ன்னு சொல்றவங்க, முறையா நடத்தறவங்கன்னு ஓரளவு நம்பலாம்.

தண்ணி, கரண்ட், குரங்கு

வந்து இறங்கினதும் மூணு வேலை. ஒண்ணு, எல்லாக் குழாயையும் திறந்து பாருங்க. போர் தண்ணி கொஞ்சம் உப்பா இருக்கலாம், குளிக்கலாம். குடிக்க இருபது லிட்டர் கேன் சொல்லிடுங்க.

ரெண்டு, கரண்ட். மாச வாடகையில யூனிட்டுக்கு இவ்வளவுன்னு தனியா வாங்கறது வழக்கம். அப்படின்னா உள்ள நுழைஞ்ச அன்னைக்கே மீட்டரைப் போட்டோ எடுத்து அவங்களுக்கே அனுப்புங்க. ஒன்றரை டன் ஏசி ஓடினா மணிக்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை யூனிட் போகும். ராத்திரி எட்டு மணி நேரம்னா பத்து யூனிட் பக்கம் வரும். ரெண்டு ரூம்னா இருபது. கணக்கு முன்னாடியே தெரிஞ்சா கடைசி நாள்ல சண்டை வராது.

மூணு, குரங்கு. சிரிக்காதீங்க. மலையடிவாரத்துல ஜன்னலுக்குக் கம்பி வலை இருக்கான்னு பாருங்க. வாழைப்பழத்தை மேஜை மேல வெச்சுட்டுக் கோயிலுக்குப் போனீங்கன்னா திரும்பி வர்றப்போ பழம் இருக்காது, மாத்திரை டப்பாவும் இருக்காது. பெரியவங்களோட மாத்திரையை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிடுங்க.

ஊர்க்காரங்க எங்க போவாங்க?

கடைசியா ஒரு விஷயம். எனக்கு வெந்நீர் கொடுத்த அம்மாவைப் பத்திச் சொன்னேன் இல்லையா. நான் அவங்ககிட்ட, "உங்க வீடும் பெருசா இருக்கே, நீங்க ஏன் வாடகைக்கு விடலை?"ன்னு கேட்டேன். "இது என் வீடு இல்ல தம்பி. நானும் வாடகைக்குத்தான் இருக்கேன். சீசனுக்குச் சீசன் வீட்டுக்காரர், 'மாசம் நீங்க கொடுக்கறதை நாலு பௌர்ணமியில எடுத்துடுவேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கார். என்னைக்குக் காலி பண்ணச் சொல்வாரோ"ன்னாங்க.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. நம்ம நேயர் போன ஸ்பெயின்லயே பார்சிலோனா நகரத்துல, சுற்றுலாப் பயணிகளுக்கு விடற வீடுகள் பெருகி உள்ளூர்க்காரங்களுக்கு வாடகை கட்டுப்படியாகலைன்னு பெரிய எதிர்ப்பு வந்தது. அப்படி உரிமம் வாங்கின சுமார் பத்தாயிரம் வீடுகளோட உரிமத்தை 2028 நவம்பருக்கு அப்புறம் புதுப்பிக்க மாட்டோம்னு 2024 ஜூன்ல மேயர் அறிவிச்சார். 2025 ஜூலையில இருந்து ஸ்பெயின்ல குறுகிய கால வாடகை வீட்டை இணையத்துல விளம்பரம் செய்யணும்னா பதிவு எண் வேணும்.

இதனால திருவண்ணாமலையில யாரும் வீடு எடுக்காதீங்கன்னு நான் சொல்ல வரலை. பூக்காரங்க, ஆட்டோக்காரங்க, வீட்டு வேலைக்கு வர்றவங்க, நிறைய குடும்பம் வர்றவங்களை நம்பித்தான் இருக்கு. ஆனா நாம எடுக்கற முடிவுக்கு ஒரு எடை இருக்கு. சொந்தக்காரங்க அதே வீட்டுல இருக்கற ஹோம்ஸ்டேயில தங்கினா, அந்தப் பணம் ஊருக்குள்ளயே நிக்கும், ஒரு குடியிருப்பும் காலியாகாது. முடிஞ்சா அதை முதல்ல பாருங்க.

நேயர் கேள்விகள் ரெண்டு

"கார் இல்லாம வரலாமா?" தாராளமா. சென்னையில இருந்து சுமார் 190 கிலோமீட்டர், பஸ் நிறைய இருக்கு. 2024 மே மாசத்துல இருந்து சென்னைக் கடற்கரையில இருந்து வேலூர் வழியா நேரடி ரயிலும் வருது. நேரம் கூட ஆகும், ஆனா பெரியவங்களுக்குப் பஸ்ஸை விட சௌகரியம். கார் இல்லைன்னா செங்கம் சாலைப் பக்கமே வீடு பாருங்க.

"வீட்டுல அசைவம் சமைக்கலாமா?" முன்னாடியே கேட்டுடுங்க. நிறைய வீடுகள்ல கூடாதுன்னு சொல்லுவாங்க. மதுவும் அப்படித்தான். சமையலறை இருக்குன்னு போட்டிருக்கேன்னு வாதம் பண்ணாதீங்க. அது கடலோர வில்லா இல்ல, கிரிவலப் பாதையில ஒருத்தரோட வீடு.

எங்க அம்மா இந்த வருஷம் திரும்பவும் போகணும்னு சொன்னாங்க. போனோம். செவ்வாய்க்கிழமை போய் வெள்ளிக்கிழமை காலையில திரும்பினோம். பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தரைத்தளம், எழுத்துல வாங்கினது. வீட்டுக்கார அம்மா பக்கத்து ரூம்லயே இருந்தாங்க. கிரிவலத்தை ஆட்டோவுல சுத்தி வந்தோம். அடி அண்ணாமலைகிட்ட வந்ததும் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, அந்தப் பழைய மூணு கிலோமீட்டரைக் காட்டி, "இங்கதான்டா நான் உட்கார்ந்தேன்"னு ஒவ்வொரு டீக்கடையா அடையாளம் சொன்னாங்க.

வெந்நீர் கொடுத்த அம்மாவைப் பார்த்துட்டு வரலாம்னு அந்தத் தெருவுக்கும் போனோம். அந்த வீட்டு வாசல்ல இப்போ ஹோம்ஸ்டேன்னு ஒரு புது போர்டு தொங்குது. அவங்க எங்க போனாங்கன்னு பக்கத்துல யாருக்கும் தெரியலை.